கொட்டகையில் ஒரு கோடீசுவரர்

பணக்காரர்களைப் பற்றிப் பேசுவதில் பணம் இல்லாதவர்களுக்கு இருக்கும் ருசி அலாதியானது. அந்தப் பணக்காரர் கொஞ்சம் விசித்திரப் பேர்வழியாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவர் எப்படிச் சம்பாதித்தார் என்பதை விட, எப்படி உடுத்தினார், என்ன சாப்பிட்டார், யாரைக் கண்டு பயந்தார் என்று அறிவதிலேயே நமக்கு ஆவல் அதிகம்.

அமெரிக்காவில் ஹோவர்ட் ஹ்யூஸ் என்று ஒரு கோடீசுவரர் இருந்தார். 1905-ம் வருஷம் பிறந்து 1976-ல் காலமானவர். சினிமாப் படம் எடுத்தார். ஆகாய விமானம் கட்டினார். தாம் கட்டிய விமானத்தில் தாமே ஏறிப் பறந்தார். பல முறை விழுந்தும் பிழைத்தார். கடைசியில் மனிதர் முகத்தில் விழிக்கவே அஞ்சி, திரை போட்ட அறைகளுக்குள் மறைந்து போனார். இவருடைய வாழ்க்கையின் ஒரு பகுதியை 'தி ஏவியேட்டர்', அதாவது 'விமானி', என்ற பெயருடன் மார்ட்டின் ஸ்கார்ஸேஸி என்னும் பெயர் பெற்ற டைரக்டர் 2004-ம் வருஷத்தில் படமாக்கினார். படத்தின் நீளம் 170 நிமிஷம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்!

இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே அபிப்பிராயம் சொல்லியிருந்தால் நாம் இதைப் பற்றி எழுதப் புகுந்திருக்க மாட்டோம். அற்புதம் என்பவர்கள் ஒரு பக்கம். அலுப்பு என்பவர்கள் மற்றொரு பக்கம். முதல் பாதி போதும் என்பவர்கள் நடுவில். அமெரிக்க விமரிசகர் ரோஜர் ஈபர்ட் தம்முடைய முழு நான்கு நட்சத்திரங்களையும் தாராளமாக வழங்கிவிட்டார். வேறு சிலரோ, பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் மனத்தைத் தொடவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார்கள். இவர்களுள் யார் கட்சியில் நியாயம் இருக்கிறது என்று கொஞ்சம் ஆராய்வோம்.

கதைச் சுருக்கம்

ஹ்யூஸின் தந்தை பாறையைத் துளைத்து எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒரு புதுவிதத் துளைக் கருவியினால் பெரும் பொருள் ஈட்டியவர். தாய் 1922-லும் தந்தை 1924-லும் இறந்து போகவே, இருபது வயது நிரம்பு முன்பே பெரிய கம்பெனி ஒன்று பையனின் கைக்கு வந்தது. வேறு ஒருவராயிருந்தால் வட்டியை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்திருப்பார். ஹ்யூஸ் ஹாலிவுட்டுக்குப் புறப்பட்டார்.

படம் உண்மையில் சூடு பிடிப்பது இங்கேதான். முதல் மகாயுத்தத்து விமானப் போரைப் பற்றி 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற படத்தை 1927-ல் அவர் ஆரம்பிக்கிறார். பத்துக் கணக்கில் விமானங்கள், காமிராக்கள், விமானிகள். ஆயினும் வானத்தில் மேகம் இல்லை. மேகம் இல்லாவிட்டால் விமானத்தின் வேகம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது என்று அவர் சாதிக்கிறார். ஆகவே ஒரு பட்டாளமே சம்பளம் வாங்கிக்கொண்டு மேகத்துக்காகக் காத்திருக்கிறது! மேகம் வந்து, படமும் முடியும் தறுவாயில் பேசும் படம் வந்துவிடுகிறது. ஊமைப் படத்தை மூலையில் போட்டுவிட்டுப் பெரும் பகுதியை மறுபடியும் எடுக்கிறார். 1930-ல் படம் வெளியாகிறது.

பிறகு விமானங்கள். 1935-ல் மணிக்கு 352 மைல் வேகம் பறந்து சாதனை, 1938-ல் சுமார் 91 மணி நேரத்தில் பூமியைச் சுற்றி வருதல், டி.டபிள்யூ.ஏ. என்னும் விமானக் கம்பெனியைக் கைப்பற்றுதல். போட்டிக் கம்பெனியான பான் அமெரிக்கனோடும் அதன் தலைவர் ஹுவான் ட்ரிப்போடும் மோதுதல். 1946-ல் பெவர்லி ஹில்ஸ் வீடுகளின் மேல் விமானத்தோடு விழுந்து எலும்புகள் நொறுங்குதல். 1947-ல் ஸெனட் சபையின் விசாரணை. அதே வருஷம் நவம்பர் 2-ந் தேதி, 320 அடி இறக்கை கொண்ட ராட்சச மரவிமானம் நீரிலிருந்து எழும்பி ஏறக்குறைய ஒரு மைல் பறப்பதோடு படம் முடிவை நெருங்குகிறது.

நீளம் என்னும் குற்றச்சாட்டு

ரஸிகர்கள் கூறும் முதல் குறை நீளம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு பணக்காரரின் கஷ்டங்களைப் பார்ப்பதற்கு நமக்கு என்ன தலைவிதி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விமானக் கம்பெனிகளின் சண்டையும் ஸெனட் விசாரணையும் தங்களுக்கு விளங்கவில்லை என்பது இவர்கள் வழக்கு.

இந்தக் குறையை நாம் அடியோடு தள்ளிவிட மாட்டோம். நடுப்பகுதியில் கம்பெனி விவகாரம் சற்று மிஞ்சித்தான் போகிறது. ஆனால் நீளம் வேறு, அலுப்பு வேறு. விரைவாகச் செல்லும் ரயிலில் நாள் முழுதும் பிரயாணம் செய்யலாம். நின்றுவிட்ட ரயிலில் ஐந்து நிமிஷமும் யுகமாகத் தோன்றும். இந்தப் படத்தில் ரயில் நிற்கும் இடங்கள் மிகக் குறைவு. எடிட்டிங் செய்த தெல்மா ஷூன்மேக்கர் அம்மையாருக்கு 2005-ம் வருஷத்து ஆஸ்கார் பரிசு கிடைத்தது காரணம் இல்லாமல் அல்ல.

மேலும், ஸெனட் விசாரணைதான் படத்தின் உயிர்நிலை என்பது நம் எண்ணம். யுத்த காலத்தில் சர்க்கார் பணம் ஏராளமாக வாங்கிக்கொண்டு, யுத்தம் முடிந்தும் பறக்காத விமானத்தை வைத்துக்கொண்டிருப்பதாக ஹ்யூஸ் மீது குற்றம் சாட்டப்படுகிறது. குற்றம் சாட்டுபவர் ஸெனட்டர் ஓவன் ப்ரூஸ்டர். இந்த வேஷத்தில் ஆலன் ஆல்டா, சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கும் ராஜீயவாதியை நம் கண் முன் நிறுத்துகிறார். விசாரணைக்கு முன் அவர் ஹ்யூஸை விருந்துக்கு அழைக்கிறார். கிருமி என்றால் நடுங்குகிறவருக்கு எதிரே விரல் ரேகை படிந்த கண்ணாடிக் குவளையை வைக்கிறார். பகைவனின் பலவீனத்தை இதைவிட மரியாதையாக ஒருவர் குத்திக் காட்ட முடியாது. இந்தக் காட்சியை அனுபவித்தவருக்கு அடுத்து வரும் விசாரணை நீளமாகத் தோன்றாது.

நீல நிறப் பட்டாணி

இரண்டாவது கூட்டத்தினர் நிறத்தைப் பற்றிப் புகார் செய்கிறார்கள். படத்தின் முதற் பகுதியில் புல் நீலமாக இருக்கிறது. தட்டில் இருக்கும் பட்டாணி நீலமாக இருக்கிறது. தங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிதான் கெட்டுவிட்டதோ என்று பயந்து அதைத் தட்டிப் பார்த்தவர்களும் உண்டு!

பெட்டியின் மேல் குற்றம் இல்லை. 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் வர்ணப் படங்கள் இரண்டே நிறங்களால் ஆக்கப்பட்டன. அவற்றில் சரியான பச்சையும் வராது, சரியான மஞ்சளும் வராது. மூன்று நிற முறை சுமார் 1935-ல்தான் ஹாலிவுட்டில் முழு நீளக் கதைப் படங்களுக்கு வந்தது. கதை எந்த வருஷத்தில் நடக்கிறதோ அந்த வருஷத்துப் படம் போலவே காட்ட வேண்டும் என்று ஸ்கார்ஸேஸி தீர்மானித்தார். எனவே ஹ்யூஸின் வயது ஏற ஏறப் படத்தின் நிறமும் நிறைந்து கொண்டே போகிறது. ஒளிப்பதிவாளர் ராபர்ட் ரிச்சர்ட்ஸனுக்கும் ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

இதை அறிந்த பிறகும் சிலர், சொல்லித் தெரிய வேண்டிய அழகு என்ன அழகு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சொல்லாமலே ஒன்று மனத்தில் படுகிறது. முதல் பகுதியில் உலகம் ஒரு பழைய வர்ணப் படம் போல இனிமையாக, கொஞ்சம் பொய்யாக இருக்கிறது. பின்னால் எல்லா நிறமும் வந்தபோது இரத்தத்தின் சிவப்பும் வந்துவிடுகிறது.

நடிகர்களைப் பற்றி

ஹ்யூஸாக நடித்த லியனார்டோ டிகாப்ரியோவுக்கு அப்போது வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. அவருடைய முகம் இன்னும் குழந்தை முகம். நாற்பது வயது முதலாளியாக நம்ப முடியவில்லை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். முதல் அரை மணிக்கு நமக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு அந்தக் குழந்தைத்தனமே பொருத்தமாகிவிடுகிறது. தாயும் தந்தையும் இல்லாமல், வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லாமல், கையில் கோடிக்கணக்கான பொம்மைகளோடு விடப்பட்ட பிள்ளைதானே ஹ்யூஸ்!

நடிகை காதரின் ஹெப்பர்னாகத் தோன்றிய கேட் பிளாஞ்செட்டைப் பற்றி அபிப்பிராய பேதம் இன்னும் அதிகம். ஹெப்பர்னின் குரலையும் நடையையும் சிரிப்பையும் அப்படியே கொண்டுவந்தார் என்று புகழ்வோர் பலர். நடிப்பு அல்ல, வேடிக்கைக் குரல் போட்டுக் காட்டுதல் என்று இகழ்வோர் சிலர். ஆஸ்கார் நீதிபதிகள் முதற் கட்சியில் சேர்ந்து அவருக்குத் துணை நடிகைப் பரிசை அளித்தார்கள். ஹெப்பர்ன் வீட்டு விருந்துக் காட்சியைப் பார்த்தவர்கள் நெடுநாள் மறக்க மாட்டார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். இங்கே பணத்தைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை என்று பெருமை வேறு. உங்களிடம் அது இருப்பதனால்தான் அக்கறை இல்லை என்ற பொருளில் ஹ்யூஸ் திருப்பிச் சொல்லும்போது கொட்டகையில் கைதட்டத் தோன்றுகிறது. சொல்பவரும் பரம்பரைப் பணக்காரர்தான் என்பது கைதட்டி முடிந்த பிறகே நமக்கு ஞாபகம் வருகிறது.

விட்டுப் போன விஷயங்கள்

சரித்திரம் அறிந்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம் மிகவும் முக்கியமானது. இதை ஒரு வாத்தியார் என்ற முறையில் நாம் லேசில் விட்டுவிட முடியாது.

ஹ்யூஸ் 1925-ல் மணம் புரிந்து 1929-ல் மணமுறிவு பெற்றவர். அந்த முதல் மனைவி படத்தில் தலைகாட்டவே இல்லை. 1936-ல் அவர் ஓட்டிய மோட்டார் வண்டியில் அடிபட்டு வழிநடந்த மனிதர் ஒருவர் இறந்தார், அதுவும் இல்லை. ஹெப்பர்ன் அவரை விட்டு நடிகர் ஸ்பென்ஸர் ட்ரேஸியிடம் சென்றதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் ஹ்யூஸ், ஹெப்பர்ன் உறவு தீர்ந்து சில வருஷங்கள் கழித்து, 1941-லேதான் அவரும் ட்ரேஸியும் சந்தித்தார்கள். படம் போட்டுப் பார்க்கும் இருட்டறையில் ஹ்யூஸ் தம்மைத் தாமே அடைத்துக்கொண்டது ஸெனட் விசாரணைக்கு முன்பு என்று படம் கூறுகிறது. அந்த நீண்ட அடைப்பு விசாரணைக்கும் விமானம் பறந்ததற்கும் பின்பு, 1947-ம் வருஷக் கடைசியில் ஆரம்பித்ததாகவே அவருடைய சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஜான் லோகன் என்னும் கதாசிரியர் இப்படி மாற்றியதன் நோக்கம் விளங்காமல் இல்லை. குகையிலிருந்து சிங்கம் வெளியே வந்து ஸெனட்டரை எதிர்த்தால்தான் நாடகம். வென்ற பிறகு சிங்கம் குகைக்குள் போனால், வெற்றியும் நோயை மாற்றவில்லை என்று ஆகிவிடும். கலைக்கு முன்னது நயம். உண்மைக்குப் பின்னது நெருக்கம். வருஷ வரிசை மாறியதை நாம் மன்னிக்கலாம். ஆனால் மோட்டாரில் அடிபட்டு இறந்த மனிதரை விட்டுவிட்டதை மன்னிப்பது கடினம். கதாநாயகருக்கு வந்த விபத்துக்களை எல்லாம் எலும்பு எலும்பாகக் காட்டிவிட்டு, அவரால் மற்றவருக்கு வந்த விபத்தை மறைப்பது நடுநிலைமை ஆகாது.

கிறுக்கா, வியாதியா?

படத்தின் ஆரம்பத்திலேயே ஒரு சிறு காட்சி. தாய் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டே, தொற்று நோய்க்காக மனிதர்களை ஒதுக்கி வைக்கும் ஏற்பாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்லக் கற்றுத் தருகிறாள். அன்பினால் ஊட்டிய பயம் அது. பின்னால் அது விஷமாக வளர்கிறது.

வளர்ந்த ஹ்யூஸ் சொந்தச் சோப்பைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். இரத்தம் வரும்வரை கை கழுவுகிறார். கழுவிய கையால் கதவுப் பிடியைத் தொட அஞ்சி, வேறு யாராவது கதவைத் திறக்கும்வரை உள்ளேயே நிற்கிறார். ஊன்றுகோலோடு வந்த ஒருவர் துண்டை எடுத்துத் தரும்படி கேட்கிறார். ஹ்யூஸால் முடியவில்லை. மனம் இருக்கிறது, கை நீளவில்லை. சில சமயம் ஒரே வாக்கியம் வாயில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது; கையால் வாயைப் பொத்திக்கொண்டு தவிக்கிறார்.

இந்த இடங்களில் சிரித்தவர்களும் உண்டு. அருவருத்தவர்களும் உண்டு. அழுதவர்கள் யாரென்று விசாரித்தால், பெரும்பாலும் தங்கள் வீட்டிலேயே இத்தகைய துன்பத்தைக் கண்டவர்களாக இருப்பார்கள். இது கிறுக்கு அல்ல, வியாதி. எண்ணச் சுழற்சி நோய் என்று இதைச் சொல்கிறார்கள். வேண்டாத எண்ணம் ஒன்று மனத்தைப் பிடித்து ஆட்டுகிறது. அதைத் தணிக்க ஒரு காரியத்தைச் செய்தாக வேண்டியிருக்கிறது. செய்தபின் தணிவது கொஞ்ச நேரமே. டிகாப்ரியோ இந்த நோயைப் பற்றி ஜெப்ரி ஷ்வார்ட்ஸ் என்னும் மனோதத்துவ வைத்திய நிபுணரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நடித்தார். ஹ்யூஸ் இறந்தபின் அவருடைய கடிதங்களையும் பணியாளர் வாக்குமூலங்களையும் ஆராய்ந்த மனோதத்துவ அறிஞர் ரேமண்ட் பவுலரும், தாயின் நோய்ப் பயத்தையே வேராகச் சுட்டினார். இன்று இதற்கு மருந்து உண்டு. பயந்த பொருளைச் சிறுகச் சிறுக அணுகப் பழக்கும் பயிற்சியும் உண்டு. குணம் அடைவோர் பலர்.

அப்படியானால் கோடி கோடியாகப் பணம் இருந்தும் ஹ்யூஸ் ஏன் மீளவில்லை? அந்தக் காலத்தில் வைத்தியம் இவ்வளவு முன்னேறவில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் பணமேதான்.

சாதாரண மனிதர் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் பிழைப்புக்காக அவர் வெளியே போயாக வேண்டும். நான்கு பேரைத் தொட்டாக வேண்டும். வீட்டில் ஒரு மனைவியோ தமக்கையோ, "போதும், கையைத் துடை" என்று அதட்டுவாள். ஹ்யூஸை யார் அதட்டுவது? பழ டப்பாவைத் திறப்பது எப்படி என்று படிப்படியாக அவர் உத்தரவு எழுதினால், அதை அணு அளவும் பிசகாமல் நிறைவேற்றச் சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். எந்தப் பொருளையும் காகிதத்தில் சுற்றித்தான் நீட்டினார்கள். நோய் கேட்டதையெல்லாம் பணம் வாங்கிக் கொடுத்தது. வேண்டாம் என்று சொல்லும் ஒரு குரலை மட்டும் அது வாங்கிக் கொடுக்கவில்லை.

1947-க்குப் பிறகு

கதையை 1947-லேயே நிறுத்திவிட்டது மோசடி என்று சிலர் சொல்கிறார்கள். லாஸ் வேகாஸ் ஹோட்டலின் மேல்மாடியில் அவர் வருஷக்கணக்கில் ஒளிந்திருந்தது, காலி செய்யச் சொன்னதும் 1967-ல் அந்த ஹோட்டலையே விலைக்கு வாங்கியது, வலிக்காகத் தொடங்கிய மருந்துக்கே அடிமையானது ஆகியவை எங்கே என்பது இவர்கள் கேள்வி. 1976-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. அப்போதும் விமானத்தில்தான் இருந்தார்; மெக்ஸிகோவிலிருந்து ஹூஸ்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டுக்கொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் உயரமுள்ள அவருடைய எடை சுமார் 90 ராத்தல். விரல் ரேகையைக் கொண்டே ஆள் இன்னார் என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. செல்லத்தக்க உயில் ஒன்றும் அகப்படவில்லை.

இவற்றைக் காட்டியிருந்தால் படத்துக்கு இன்னும் கூட்டம் சேர்ந்திருக்கலாம். 1941-ல் ஆர்ஸன் வெல்ஸ் எடுத்த 'சிடிஸன் கேன்' என்ற படம், கோடீசுவரரின் சாவில் தொடங்கிப் பின்னோக்கிச் சென்றது. ஸ்கார்ஸேஸி அதற்கு நேர் மாறான வழியைப் பிடித்தார். ராட்சச விமானம் பறந்துவிட்டது. ஜனங்கள் ஆரவாரம் செய்கிறார்கள். வெற்றி வீரர் ஒரு மூலையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, வருங்காலத்தைப் பற்றிய ஒரே சொற்றொடரை நிறுத்த முடியாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவ்வளவுதான், படம் முடிந்தது. பின்னால் வந்த 29 வருஷத்துத் துன்பமும் அந்த ஒரு சொற்றொடருக்குள் அடங்கிவிடுகிறது. அழுகிய நகத்தையும் சடைத் தலையையும் காட்டி நம்மைத் திகைக்க வைக்காமல் விட்டது மோசடி அல்ல. ஒரு நோயாளிக்குக் காட்டிய மரியாதை.

முடிவாக

அந்த வருஷம் பதினொரு பிரிவுகளில் ஆஸ்காருக்குப் பிரேரேபிக்கப்பட்டு ஐந்து பரிசுகளைப் பெற்ற படம் இது. சிறந்த படம், சிறந்த டைரக்டர் என்ற இரண்டும் கிளிண்ட் ஈஸ்ட்வுட்டின் 'மில்லியன் டாலர் பேபி'க்குப் போயின. அது நியாயமா அல்லவா என்ற சண்டையை ரஸிகர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

அந்த மரவிமானம் அதன் பிறகு ஒரு தடவையும் பறக்கவில்லை. இன்றும் அது அமெரிக்காவில் ஆரகன் மாகாணத்து மக்மின்வில் என்னும் ஊரில் ஒரு காட்சிசாலையில் பத்திரமாக நிற்கிறது. எட்டு எஞ்சின்களையும் அகன்ற இறக்கையையும் போவோர் வருவோர் அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். இவ்வளவு பெரிய பொருளை ஒரு மனிதர் தம் பிடிவாதத்தால் ஆகாயத்துக்கு ஏற்றினார் என்பது உண்மை. ஒரு கதவுப் பிடியைத் தொட அதே மனிதரால் முடியவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்துக்கொண்டு ஹ்யூஸை எடை போடும்படி இந்தப் படம் நம்மைக் கேட்கிறது.

நேயர்கள் குடும்பத்தோடு பார்க்கலாமா என்றால், வயது வந்த பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். பார்த்த பிறகு பணத்தைப் பற்றியும் புகழைப் பற்றியும் பேச்சு எழுவது இயல்பு. அந்தப் பேச்சோடு நின்றுவிட வேண்டாம் என்பது நம் வேண்டுகோள். நமக்குத் தெரிந்தவர் எவரேனும் தினமும் பத்து முறை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, இருபது முறை கை கழுவிவிட்டு, இன்னும் நிம்மதி இல்லாமல் இருந்தால், அவரைக் கேலி செய்வதை விட்டு, ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போவோம். ஹ்யூஸுக்குக் கிடைக்காத அந்த உதவியைச் செய்வதற்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை.